அப்பாவா, பொண்ணா? நாலே முக்கால் செகண்ட்!



ஒரு சின்ன கேள்வி. உங்க அப்பாவுக்கு ஒரு வண்டி, உங்களுக்கு ஒரு வண்டி. பக்கத்துப் பக்கத்துல நிறுத்தியாச்சு. பச்சை விளக்கு எரிஞ்சதும் மிதிக்கணும். யார் ஜெயிப்பீங்க? ‘அவர் முதல்ல வண்டி சாவியைக் குடுக்கட்டும் பாஸ், ரேஸை அப்புறம் பார்த்துக்கலாம்’னு நீங்க முணுமுணுக்கறது இங்கே வரைக்கும் கேட்குது. ஆனா, அமெரிக்காவுல ஒரு வீட்ல இது நிஜமாவே நடந்துச்சு. 2007 ஏப்ரல், ஜார்ஜியா மாநிலத்துல அட்லாண்டா டிராக்வே. அப்பா ஜான் ஃபோர்ஸுக்கு வயசு 57. 14 தடவை தேசிய சாம்பியன். பொண்ணு ஆஷ்லிக்கு 24. அந்தப் பிரிவுல அவங்களுக்கு அதுதான் முதல் சீஸன். முதல் ரவுண்ட்லயே ரெண்டு பேரும் மோதினாங்க. அப்பா அவுட்!

கேட்க ஜாலியா இருக்கில்ல? ஆனா, அதுக்கு அஞ்சு வாரம் முன்னாடிதான் இதே குடும்பத்து அணி ஒரு சாவு வீட்டைப் பார்த்துட்டு வந்திருந்துச்சு. அஞ்சு மாசம் கழிச்சு அந்த அப்பாவே செத்துப் பிழைச்சார். ஒரே சீஸன்ல ஒரு குடும்பத்துக்கு இவ்வளவா? மெகா சீரியல் டைரக்டர்கூட கொஞ்சம் யோசிப்பார்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி, டிராக் ரேஸ்னா என்னன்னு பார்த்துடலாம். (ட்ராக் இல்ல, டிராக். ரெண்டும் வேற!) நம்ம ஆளுங்களுக்கு டிராக்னா, ஈ.சி.ஆர்.ல ராத்திரி ரெண்டு மணிக்கு சைலன்சரைக் கழட்டிட்டுப் பறக்கறது. அதுக்குப் பேரு ரேஸ் இல்லீங்க, போலீஸ் கேஸ். முறைப்படி பைக்குகளுக்கான தேசிய டிராக் போட்டி நம்ம இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்திலேயே நடந்திருக்கு. விதி ரொம்ப சிம்பிள். நேர் ரோடு. ஒரு சமயத்துல ரெண்டு வண்டி. வளைவு கிடையாது, ஓவர்டேக் கிடையாது. யார் முதல்ல கோட்டைத் தொடுறாங்களோ அவங்க அடுத்த ரவுண்ட். தோத்தவங்க நேரா வீட்டுக்கு. அந்தக் காலத்துல அமெரிக்காவுல எல்லாருக்கும் கால் மைல், அதாவது 402 மீட்டர்.

ஃபோர்ஸ் குடும்பம் ஓட்டினது ‘ஃபன்னி கார்’. பேருதான் காமெடி. வெளியே பார்த்தா சாதாரண ஃபோர்டு மஸ்டாங் மாதிரி இருக்கும். அது வெறும் மூடி. அந்த மூடியை ஒரு டப்பா மாதிரி தூக்கினா, உள்ளே இரும்புக் குழாய்ல கட்டின ஒரு கூண்டு. டிரைவருக்கு முன்னாடி எட்டு சிலிண்டர், 8 லிட்டருக்கு மேல கொள்ளளவு உள்ள ராட்சச இன்ஜின். பெட்ரோல் கிடையாது, நைட்ரோமீத்தேன். இங்கேதான் நம்ம கெமிஸ்ட்ரி வேலைக்கு ஆகுது. ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரியணும்னா 14.7 கிலோ காத்து வேணும். நைட்ரோவுக்கு 1.7 கிலோ போதும். ஏன்னா, அதோட மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் உட்கார்ந்திருக்கு. கிலோவுக்கு இத்தனை சக்தினு பார்த்தா அது பெட்ரோல்ல கால்வாசிதான். ஆனா, அதே காத்துக்கு எட்டு மடங்கு எரிபொருளை ஊத்தலாமே! கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு மடங்குக்கு மேல பவர் வரும். ஒரு தடவை ஓட்டி முடிக்க 50 லிட்டருக்கு மேல குடிக்கும். நின்ன இடத்துல இருந்து நாலே முக்கால் செகண்ட்ல மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். நிறுத்த பாராசூட்!

ஒரு ரவுண்ட் முடிஞ்சதும் இன்ஜினை அக்குவேறு ஆணிவேறா கழட்டி, பிஸ்டன், பேரிங், கிளட்ச் பிளேட்னு மாத்தி, ஒரு மணி நேரம் ஒன்றேகால் மணி நேரத்துக்குள்ள அடுத்த ரவுண்டுக்கு நிறுத்தணும். டிரைவர் அஞ்சு செகண்ட் ஹீரோ. மீதி நேரமெல்லாம் கையில கிரீஸோட நிக்கிற மெக்கானிக்குகள்தான் ஹீரோ. (மெக்கானிக்கல் பசங்க இந்த இடத்துல ஒரு விசில் அடிச்சுக்கலாம்.)

இப்போ குடும்பத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவுல யோர்பா லிண்டா-ங்கற ஊர்தான் இவங்க அணியோட வீடு. அப்பா ஜான், முதலாளி கம் டிரைவர். மூத்த பொண்ணு ஏட்ரியா, அணியோட பணக் கணக்கைப் பார்த்தவங்க. அவங்களோட அன்றைய கணவர் ராபர்ட் ஹைட், அதே அணியில இன்னொரு காருக்கு டிரைவர். மாமனார் காருக்கு கிளட்ச் மாட்டுற மெக்கானிக்கா உள்ளே நுழைஞ்சவர் 2005-ல ஸ்டீயரிங் பிடிச்சார். ரெண்டாவது பொண்ணு ஆஷ்லி டி.வி., வீடியோ படிப்பு படிச்சவங்க. படிப்பு முடிஞ்சு ரேஸுக்கு வந்துட்டாங்க. அவங்களுக்குக் கீழே பிரிட்டனி, கோர்ட்னினு ரெண்டு தங்கச்சிகள். இந்தக் குடும்பத்தை வெச்சு 2006-ல ஒரு ரியாலிட்டி ஷோவே ஓடுச்சு.

நாலாவது காரை ஓட்டினவர் எரிக் மெட்லன். ரத்த சொந்தம் இல்ல. ஆனா, அவரோட காரைத் தயார் பண்ற தலைமை டியூனர் யார் தெரியுமா? எரிக்கோட சொந்த அப்பா, ஜான் மெட்லன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உங்க அப்பா நட்டு போல்ட் முறுக்குவார். நீங்க உள்ளே உட்கார்ந்து 500-ல பறக்கணும். ரெண்டு பேர்ல யாருக்கு அதிகமா வயித்தைக் கலக்கும்? எனக்கென்னவோ அப்பாவுக்குத்தான்னு தோணுது.

2007 மார்ச் 19. ஃப்ளோரிடாவுல கெய்ன்ஸ்வில். போட்டி முடிஞ்ச மறுநாள், சும்மா டெஸ்ட் ஓட்டம். எரிக்கோட பின் டயர் கோளாறாகி, கார் உதற ஆரம்பிச்சுது. ‘டயர் ஷேக்’னு சொல்வாங்க. இந்த காரோட பின் டயர்ல காத்து ரொம்பக் கம்மியா இருக்கும், கிளம்பும்போது சுவர் சுருங்கி ரோட்டைக் கவ்வணும்கறதுக்காக. அந்தக் கணக்கு தப்பினா டயர் வட்டமாவே சுத்தாது, தடதடனு குதிக்கும். பின்னாடி சஸ்பென்ஷனே கிடையாது. ஆக்ஸில் நேரா கூண்டோட பிணைக்கப்பட்டிருக்கும். அப்போ அந்த உதறல் எங்கே போகும்? நேரா டிரைவரோட தலைக்கு. எங்க டைனமிக்ஸ் புக்ல ‘ஃபோர்ஸ்டு வைப்ரேஷன்’னு ஒரு யூனிட் இருக்கு. பார்ட் பி-யில 16 மார்க். ஒரு ஸ்பிரிங், ஒரு மாஸ், ஒரு டேம்பர் படம் போட்டு ஃபார்முலா எழுதினா ஓவர். அந்தப் படத்துல ‘மாஸ்’ங்கற இடத்துல ஒரு 33 வயசுப் பையனோட தலையை வெச்சுப் பார்த்தப்போ, அந்த யூனிட்டை நான் வேற மாதிரி படிச்சேன்.

சுவர்ல மோதினதைவிட, உதறல்ல தலை கூண்டுக் குழாய்ல மாறி மாறி அடிபட்டதுதான் காரணம். நாலு நாள் ஆஸ்பத்திரி. மார்ச் 23-ம் தேதி எரிக் இறந்துபோனார்.

அடுத்த போட்டி ஹூஸ்டன்ல. ஜான் ஃபோர்ஸ் அணி போகல. பாயின்ட் போகும், ஸ்பான்ஸர் கேள்வி கேட்பாங்க... எதைப் பத்தியும் கவலைப்படல. ஒர்க்‌ஷாப்புல உட்கார்ந்து கூண்டைப் பிரிச்சாங்க. தலையைச் சுத்தி இடம் அகலமாச்சு, மெத்தை தடிமனாச்சு. எடை கூடினா வேகம் குறையும்கறது எல்.கே.ஜி. பாடம். தெரிஞ்சேதான் ஏத்தினாங்க. இதுல என்னை உலுக்கினது ஒரு விஷயம்தான். அந்த வேலைக்குத் தலைமை தாங்கினது ஜான் மெட்லன். பையனைப் பறிகொடுத்த அப்பா. வேற யாரா இருந்தாலும் அந்த ஒர்க்‌ஷாப் வாசலையே மிதிச்சிருக்க மாட்டாங்க. மனுஷன் உள்ளே போய், எந்தக் குழாய்ல என்ன குறைனு தேட ஆரம்பிச்சார். ‘எரிக் மெட்லன் ப்ராஜெக்ட்’னு பேர் வெச்சு, ஃபோர்டு இன்ஜினீயர்களையும் சேர்த்துக்கிட்டு, பல வருஷம் அந்த வேலை நடந்துச்சு.

நான் முதல்ல சொன்ன அப்பா - பொண்ணு மோதல் நடந்தது இந்தச் சூழ்நிலையிலதான். பொண்ணை அந்தக் கூண்டுக்குள்ள பெல்ட் போட்டு உட்கார வெச்சு, பக்கத்து லேன்ல நின்னு பார்க்கிற அப்பாவோட மனசு என்ன பாடுபட்டிருக்கும்? ‘ஓட்டாதே’னு சொல்ல அவருக்கு உரிமை இருந்துச்சு. சொல்லல. அதை சரின்னு சொல்றதா, தப்புன்னு சொல்றதானு இன்னிக்கு வரைக்கும் எனக்குக் குழப்பம்தான்.

செப்டம்பர் 23. டெக்ஸாஸ்ல டல்லாஸ் பக்கம் என்னிஸ்-ங்கற ஊர். ஜான் ஃபோர்ஸும் இன்னொரு ஜாம்பவான் கென்னி பெர்ன்ஸ்டைனும் ரெண்டாவது ரவுண்ட்ல மோதறாங்க. கோட்டைத் தாண்டின கையோட, ஃபோர்ஸோட கார் ரெண்டா உடைஞ்சு பக்கத்து லேனுக்குள்ள பாஞ்சுது. பெர்ன்ஸ்டைன் தப்பிச்சார். ஃபோர்ஸுக்கு இடது கணுக்கால் நொறுங்கி, மணிக்கட்டு பிசகி, முழங்கால் சதை கிழிஞ்சு, கைவிரல் கால்விரல் எல்லாம் நாசம். தலை? தலைக்கு ஒண்ணும் ஆகல!

காரணம், அந்தப் புது மெத்தை, அந்தப் புது கூண்டு. எரிக் செத்ததாலதான் நான் இருக்கேன்கற அர்த்தத்துல ஃபோர்ஸ் திரும்பத் திரும்பப் பேசியிருக்கார். அதைக் கேட்டுட்டு நிக்க வேண்டியவர் ஜான் மெட்லன். தன் பையனுக்காக நேரத்துக்குச் செய்ய முடியாம போனது, முதலாளியைக் காப்பாத்தியிருக்கு. இதை சந்தோஷம்னு சொல்றதா, இல்ல வேற ஏதாவது பேர் வைக்கிறதா? சத்தியமா எனக்குத் தெரியல பாஸ்.

மீதி சீஸனுக்கு அப்பா கட்டில்ல. மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் அணியை இழுத்தாங்க. அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல ஆஷ்லி ஃபைனல் வரை போனாங்க. ஃபன்னி கார்ல ஃபைனலைத் தொட்ட முதல் பெண். ஜெயிக்கல, ஆனா வருஷக் கடைசியில சிறந்த புதுமுக விருது அவங்களுக்குத்தான். சாம்பியன் பட்டம் டோனி பெட்ரகனுக்குப் போச்சு. அவரும் முன்னாடி இதே ஃபோர்ஸ் அணியில ஓட்டினவர். அப்புறம் தன் சகோதரர் க்ரூஸோட சேர்ந்து தனி அணி ஆரம்பிச்சவர். ஒரு குடும்பத்தைத் தோற்கடிக்க இன்னொரு குடும்பமே வர வேண்டியிருந்துச்சு!

23 போட்டி. ஒரு சாவு, ஒரு மரண விளிம்பு, ஒரு ஃபைனல், ஒரு விருது. கோப்பை அலமாரியை மட்டும் பார்த்தா ‘இந்த வருஷம் வேஸ்ட்’னுதான் சொல்வீங்க. ஆனா, எனக்கு ஜான் ஃபோர்ஸோட 14 பட்டங்களைவிட இந்தப் பட்டமில்லாத வருஷம்தான் பெருசாத் தெரியுது. ஜெயிக்கிற காரை யார் வேணா கட்டுவாங்க. ஜெயிச்சிட்டிருக்கிற கார்ல குறை இருக்குனு ஒத்துக்கிட்டு, அடுத்த ரேஸையே விட்டுட்டு அதைப் பிரிக்கறதுக்கு வேற மாதிரி தைரியம் வேணும்.

பாதுகாப்பு வேலை அதோட முடிஞ்சுடல. 2008 ஜூன்ல நியூஜெர்ஸியில ஸ்காட் கலிட்டா-ங்கற இன்னொரு ஃபன்னி கார் டிரைவர் விபத்துல இறந்தார். நிக்க இடம் போதல. அதுக்கப்புறம் இந்த நைட்ரோ கார்களுக்கு மட்டும் பந்தய தூரத்தை 1,000 அடியா குறைச்சுட்டாங்க. ஃபோர்ஸே 2024 ஜூன்ல, 75 வயசுல, வர்ஜீனியாவுல இன்ஜின் வெடிச்சு சுவர்ல மோதினார். இந்தத் தடவை தலையிலயே காயம். மாசக்கணக்குல சிகிச்சை எடுத்து மீண்டு வந்தார். தங்கச்சி பிரிட்டனி 2017-லயும் 2022-லயும் டாப் ஃப்யூல் பிரிவுல சாம்பியன் ஆனது தனிக் கதை, அதுக்கு இந்தப் பக்கத்துல இடம் இல்ல.

நாம 2008-க்கே திரும்புவோம். கால் சரியாகி, பிப்ரவரியில அப்பா மறுபடியும் கார்ல ஏறிட்டார். ஏப்ரல் 27, அதே அட்லாண்டா டிராக்வே. முந்தின வருஷம் அப்பாவும் பொண்ணும் முதல் ரவுண்ட்ல மோதின அதே பாதை. இந்தத் தடவை ரெண்டு பேரும் ஒவ்வொரு ரவுண்டா ஜெயிச்சுக்கிட்டே வந்தாங்க. ஃபைனல்ல எதிரெதிரே நின்னது ஜான் ஃபோர்ஸ், ஆஷ்லி ஃபோர்ஸ். பச்சை விழுந்துச்சு. ஃபன்னி கார் சரித்திரத்துல ஒரு பெண் தேசியப் போட்டியை ஜெயிச்சது அன்னிக்குத்தான் முதல் தடவை.

அப்பாவுக்கு ரன்னர்-அப். மறுபடியும் பல்பு!