கனம் தமிழில் இல்லை, பகர்ப்பில்

சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்து ஜன்னல் முன்னால் நின்றேன். ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டியதும் கம்ப்யூட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு "பதிவு இல்லை" என்றது. உள்ளே இருந்த பெண், "தமிழ்ல போட்டா இழுக்கும் சார், இங்கிலீஷ்ல போடுதேன்" என்றார். போட்டார், கிடைத்தது. வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால் ஊர்ப் பெயர் 'நாகர்கோவில' என்று முடிந்திருக்கிறது. கடைசிப் புள்ளியைக் காணோம்.

புள்ளிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் பெயரில் ஓர் எழுத்து மாறியதற்காக வாரிசுச் சான்றுக்கும் பட்டாவுக்கும் மாதக்கணக்கில் நடந்தவர்களைப் பார்த்தே உத்தியோகத்தைக் கழித்தவன் நான். மனசு கேட்கவில்லை.

மகள் வழிப் பேரன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் ஜாவா எழுதுகிறான். சனிக்கிழமை வந்தவனிடம் கேட்டேன். "அந்த ஆபீஸ் புரோகிராமை நான் பார்க்கல்ல பாட்டா. ஆனா இந்த மாதிரி சங்கதி எங்கெங்க நடக்கும்னு சொல்லலாம்" என்றான். எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன்.

ஜாவாவில் எழுத்துச் சரம் என்பது கையெழுத்தாகி முத்திரை விழுந்த உத்தரவு மாதிரி. அதில் அடித்துத் திருத்த முடியாது. ஒரு வார்த்தை சேர்க்க வேண்டுமானாலும் முழுவதையும் புதிதாகப் பகர்த்தி இன்னொரு உத்தரவு போட வேண்டும். அதில் நன்மையும் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் படித்தாலும் யாரும் அதைக் கெடுக்க முடியாது. ஆனால் 1000 வரிப் பட்டியலை இந்த முறையில் ஒவ்வொரு வரியாகச் சேர்த்தால் என்ன ஆகும்? இரண்டாவது வரிக்கு முதல் வரியை மறுபடி எழுத வேண்டும். மூன்றாவதுக்கு முதல் இரண்டையும். வரிக்கு 100 குறி என்று வையுங்கள். 1 லட்சம் குறி எழுதினால் முடிகிற வேலைக்கு 5 கோடிக்கு மேல் எழுதுகிறது. எந்த எழுத்தரும் இப்படிச் செய்யமாட்டான். துளை போட்டு டேக் கட்டின கோப்பில் அடுத்த தாளைக் கோத்துக்கொண்டே போய், கடைசியில் ஒரே ஒரு சுத்தப் பகர்ப்பு எடுப்பான். ஜாவாவிலும் அப்படி ஒரு கோப்பு உண்டு. 'ஸ்ட்ரிங்பில்டர்' என்று பெயர். 2004இல் வந்தது. அதற்கு முன்பே 'ஸ்ட்ரிங்பஃபர்' இருந்தது. இருந்தும் பலர் இன்னும் பகர்த்திக்கொண்டே இருக்கிறார்களாம்.

அடுத்தது தேடல். நம் ஊரின் 'கோ' இருக்கிறதே, அதை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். 'க'வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்று. அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக இரண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், இயந்திரத்துக்கு வேறு வேறு. தமிழ்த் தட்டச்சில் நாங்களும் 'கோ'வுக்கு மூன்று முறை தட்டினோம். அதனால் அதை மூன்று எழுத்து என்று யாரும் சொல்லவில்லை. ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி ஜாவாவிலேயே இருக்கிறது. அதைத் தபால் வந்தவுடன் பதிவேட்டில் ஏற்றுகிற மாதிரி வாசலிலேயே ஒரு தடவை செய்துவிட வேண்டும். செய்யாமல் விட்டால் பெயர் கிடைக்காது. தேடும்போதெல்லாம் அத்தனை பெயரையும் எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தால் இழுக்கத்தான் செய்யும்.

மூன்றாவது என் புள்ளி. நாகர்கோவில் நமக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறி. யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். 30 பைட் கொள்ளும் பெட்டியில் போட்டால் பதினோராவது குறி, அதாவது கடைசிப் புள்ளி, வெளியே விழும். ஆங்கிலத்தில் 9 பைட்டோடு முடிந்தது. "பார்த்தீரா, தமிழ் கனம்" என்று இதைக் காட்டித்தான் சொல்கிறார்கள். 50 கிலோபைட்டில் ஒரு பாஸ்போர்ட் படம் ஏற்றினால் அந்த இடத்தில் 1500 நாகர்கோவில் எழுதலாம். படம் கனம் என்று யாரும் மூக்கை வெட்டுவதில்லை.

2017இல் வந்த ஜாவா 9இல் ஒரு சிக்கனம் செய்தார்கள். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய 256 இடப் பட்டியலுக்குள் அடங்கும் சரத்துக்குக் குறிக்கு 1 பைட், அடங்காவிட்டால் 2. தமிழுக்கு இந்தச் சலுகை இல்லை. பிரெஞ்சுக்கும் முழுதாக இல்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இதைக் கேட்டுச் சிரித்தேன். இதயம், சகோதரி என்ற பிரெஞ்சுச் சொற்களில் இரண்டு உயிரெழுத்து ஒட்டி ஓர் எழுத்தாக நிற்கும். அந்தப் பட்டியலில் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பிறகு 1999இல் அதையும் யூரோ குறியையும் சேர்த்துப் புதுப் பட்டியல் கொண்டுவந்தார்கள். திருத்தியது பட்டியலை, இதயத்தை அல்ல.

உயிர்மெய்க்கு ஒரே குறி வைக்கும் டேஸ்-16 முறைக்கு மாறினால் தீராதா என்று கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஆனால் கைப்பேசியும் இணையமும் யூனிகோடில் இருக்க, இனி அதைத் தனியாகச் சுமப்பது இன்னொரு பகர்ப்பு வேலை என்பது என் எண்ணம். பெட்டியைப் பெரிதாக்கி, பெயர்களை வாசலில் ஒழுங்குபடுத்தி, வெட்டிப் பகர்ப்பை நிறுத்தினால் போதும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது மொழிக்காகத்தான். அதே மொழியில் ஊர்ப் பெயரை எழுத இடமில்லை என்றால், நாம் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வது நியாயமா? சான்றிதழ் வாங்கினால் ஜன்னலை விட்டு நகருமுன் கடைசிப் புள்ளி வரை படியுங்கள். இல்லாவிட்டால் மனு எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்திருக்கிறேன், பகர்ப்பு ஒன்று கைவசம் வைத்துக்கொண்டு.