உச்சரிப்பு ஓர் உரைகல்லா?

ஆங்கில அகராதியில் 'ஷிபலெத்' என்றொரு சொல் உண்டு. அன்றாடப் பேச்சில் அரிதாகவே வரும் இச்சொல்லை முதல் அசையை அழுத்தி, 'ஷி-ப-லெத்' என மூன்று அசைகளாக ஒலிக்க வேண்டும். ஒரு கூட்டத்தாரை மற்றொரு கூட்டத்தாரிடமிருந்து பிரித்துக் காட்டும் சொல், ஒலி அல்லது வழக்கம் என்பது இதன் பொருள். காலம் கடந்தும் விடாமல் முழங்கப்படும் பழைய கோஷத்தையும் இது குறிக்கும்.

இச்சொல் எபிரேய மொழியிலிருந்து திருவிவிலியத்தின் வழியாக ஆங்கிலத்திற்கு வந்தது. எபிரேயத்தில் இதற்குத் தானியக் கதிர் என்று பொருள். நீரோட்டம் என்றும் கொள்வர். இத்தனை சாதுவான சொல் பிரிவினையின் பெயரானது எப்படி?

பழைய ஏற்பாட்டில் நீதித்தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் இதற்கு விடை தருகிறது. கிலயாதியருக்கும் எப்ராயிமியருக்கும் போர் மூண்டது. இரு சாராரும் இஸ்ரயேல் மக்களே! தோற்றுப்போன எப்ராயிமியர் யோர்தான் ஆற்றைக் கடந்து ஊர் திரும்ப முயன்றனர். ஆற்றுத்துறைகளில் காத்து நின்ற கிலயாதியர், வந்தவர்களை 'ஷிபலெத்' என்று சொல்லச் சொன்னார்கள். எப்ராயிமியர் நாவில் 'ஷ' வரவில்லை, 'ஸிபலெத்' என்றனர். அங்கேயே அவர்கள் வெட்டுண்டனர். அப்போது மாண்டவர்கள் 42,000 பேர் என்கிறது அந்நூல்.

இது பழங்கதைதானே என்று ஒதுக்க முடியுமா? 1983 ஜூலைக் கலவரத்தில் இலங்கையில் பஸ்களை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைப் பயணிகளிடம் சொல்லச் சொன்னார்கள். 'பஸ்' என்பதில் ஒலிக்கும் 'ப' அதன் முதல் ஒலி. இயல்பான தமிழ்ச் சொற்கள் அவ்வொலியில் தொடங்குவதில்லை. நாவு தடுமாறியவர்கள் தமிழர் என்று அறியப்பட்டு உயிரிழந்தனர்.

நம் வகுப்பறைகளில் வாள் இல்லை. ஆனால் ஆற்றுத்துறை உண்டு. கிராமத்திலிருந்து வந்த தோழி 'இஸ்கூல்' என்று சொன்னால் சிரிப்பொலி எழுவதேன்? ழகரம் வராமல் 'வாளப்பளம்' என்பவளைப் பட்டிக்காடு என்று ஏளனம் செய்வதேன்? அந்தச் சிரிப்பைக் கேட்டபின் அவள் விடை தெரிந்தாலும் கை உயர்த்துவதில்லை. கணக்கில் முதலிடம் பெற வேண்டியவள் கடைசிப் பெஞ்சில் ஊமையாகிறாள். இந்த இழப்பு யாருக்கு?

திருத்தமான உச்சரிப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அது பயிற்சியால் வருவது. ஆசிரியைகள் பொறுமையோடு திருத்துவதும் அதற்காகவே. ஆனால் திருத்துவது வேறு, தரம் பிரிப்பது வேறு. ஒருவர் பேசும் ஒலி அவர் பிறந்த ஊரைக் காட்டலாம். அவருடைய அறிவையோ குணத்தையோ காட்டாது.

ஆண்டவர் பிடிபட்ட இரவில் புனித இராயப்பரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய பேச்சே என்கிறது மத்தேயு நற்செய்தி. அந்தக் கலிலேய மீனவரிடமே ஆண்டவர் தம் திருச்சபையை ஒப்படைத்தார் அன்றோ?

ஆகவே, அன்புத் தோழியரே! ஒருத்தியின் நாவு தடுமாறும்போது சிரிக்காமல், அவள் சொல்ல வந்ததை முழுவதும் கேட்போம். வராத சொல்லை அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுப்போம்.