வலிப்புக் குளிசையும் றமழானும்: நிறுத்தும் முடிவு நம்முடையதல்ல





றமழான் நெருங்குகிறது. பள்ளிகளில் பாய் கழுவுகிறார்கள், கஞ்சிக்கு அரிசி சேர்க்கிறார்கள், வீடுகளில் மாவும் மிளகாயும் இடிபடுகின்றன. இந்த ஆயத்தங்களோடு இன்னுமொரு ஆயத்தமும் நடக்க வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். வலிப்பு வருத்தத்துக்கு மருந்து எடுக்கும் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், தலைப்பிறை தெரியும் முன் அவரை ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

நாம் டொக்டர்கள் அல்ல. ஆனால் இந்த வருத்தமுள்ள பிள்ளைகளோடு வகுப்பறையில் நாளாந்தம் பழகும் ஆசிரியர்கள். நம் கருத்து இதுதான்: நோன்பு பிடிப்பதா இல்லையா என்ற கேள்விக்கு முதல் ஸஹருக்கு எழும்பிய பிறகு விடை தேடக் கூடாது. குளிசையைக் குறைப்பதும் நிறுத்துவதும் நேரம் மாற்றுவதும் வீட்டில் எடுக்கும் முடிவுகளல்ல.

ஏன் என்று சொல்கிறோம். பெனடோல் என்றால் தலைவலி வந்தால் போடுகிறோம், போனால் விடுகிறோம். வலிப்புக் குளிசை அப்படியானதல்ல. அது வலிப்பு வந்த பிறகு போடுவதல்ல, வராமல் தடுப்பது. இரத்தத்தில் மருந்து ஓரளவுக்குக் குறையாமல் எந்நேரமும் இருந்தால்தான் அது வேலை செய்யும். குளத்துக் கட்டைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு உறுதியாக இருப்பதால்தான் வயலுக்குள் வெள்ளம் வரவில்லை. வெள்ளம் வரவில்லையே, இனி கட்டு எதற்கு என்று எந்த விவசாயியும் அதை வெட்டிவிட மாட்டார். ஆனால் "ஒரு வருஷமாக வரவில்லை, இனி எதற்குக் குளிசை?" என்று கேட்கும் வீடுகள் நம் ஊரில் இருக்கின்றன. வராமல் இருப்பது பல பேருக்கு வருத்தம் போய்விட்டது என்பதற்கல்ல, மருந்து வேலை செய்கிறது என்பதற்கே அடையாளம்.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த வருத்தம் இருக்கிறது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒழுங்காக மருந்து எடுத்தால் அவர்களில் 70 வீதமானோர் வலிப்பே வராமல் வாழலாம் என்றும் அது சொல்கிறது. ஆகவே இது நம்பிக்கையுள்ள வருத்தம். குளிசையை நிறுத்தவே முடியாது என்றும் இல்லை. பொதுவாக இரண்டு வருடங்களாவது வலிப்பு வராமல் இருந்தால், சிலருக்கு டொக்டர் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக் கணக்கில் குறைத்துப் பார்ப்பார். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்பை விட மோசமாக வரலாம். ஒன்று முடியும் முன் அடுத்தது என்று தொடர்ந்து வந்து உயிரையே எடுத்துவிடலாம்.

இனி றமழானுக்கு வருவோம். நம் நாட்டில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கும் மேல். ஒரு நாளைக்கு ஒரு வேளையோ இரண்டு வேளையோ குளிசை எடுப்பவருக்கு ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் எடுக்கும்படி டொக்டர் நேரத்தை மாற்றித் தரக்கூடும். மூன்று வேளை எடுப்பவரின் பகல் குளிசைக்கு என்ன வழி? அதை விட்டுவிடவும் கூடாது, இரண்டு வேளையை ஒன்றாகச் சேர்த்துப் போடவும் கூடாது. சில மருந்துகளுக்கு உடம்பில் மெதுவாகக் கரையும் வகைகள் உண்டு, டொக்டர் அவற்றுக்கு மாற்றலாம். மாற்றினால் அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சில கிழமைகளாவது வேண்டும். அதனால்தான் றமழானுக்கு முன் போகச் சொல்கிறோம்.

மருந்து மட்டுமல்ல, நித்திரையும் இருக்கிறது. தறாவீஹ் முடிந்து, பிள்ளைகள் சந்தியில் நின்று கதைத்து, பன்னிரண்டு மணிக்குப் படுத்து, நான்கு மணிக்கு முன் ஸஹருக்கு எழும்புகிறார்கள். நித்திரைக் குறைவு வலிப்பைக் கிளப்பும் முக்கியமான காரணங்களில் ஒன்று. குளிசையை ஒழுங்காக எடுப்பவருக்கும் இது பொருந்தும். நோன்பு பிடிக்க டொக்டர் சம்மதித்திருந்தாலும், அந்தப் பிள்ளையை நேரத்தோடு படுக்க வைப்பது வீட்டாரின் பொறுப்பு.

"எத்தனையோ பேர் இந்த வருத்தத்தோடு நோன்பு பிடிக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். வருத்தம் கட்டுப்பாட்டில் உள்ள பலரால் டொக்டரின் ஆலோசனையோடு பிடிக்க முடிகிறது. எவரும் பிடிக்கக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பிடிக்கிறார் என்பது நம் பிள்ளைக்கு அளவுகோல் அல்ல என்றுதான் சொல்கிறோம். அவருடைய மருந்து வேறு, அளவு வேறு, அவருக்குக் கடைசியாக வலிப்பு வந்த காலம் வேறு.

பிடிக்க முடியாது என்று டொக்டர் சொன்னால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நோயாளிக்குச் சலுகை தந்தது ஊராரல்ல, அல்லாஹ். சூறா பகறாவில் நோன்பைக் கடமையாக்கிய வசனங்களோடே நோயாளிக்கும் பிரயாணிக்கும் சலுகை சொல்லப்பட்டிருக்கிறது. பிறகு களாச் செய்வதா, பித்யாக் கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேளுங்கள். டொக்டர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். பகலில் குளிசைக்குத் தண்ணீர் குடிக்கும் ஒரு குமர்ப்பிள்ளையைப் பார்த்து "நோன்பில்லையா?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுவோம். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து குளிசையை விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நம் மார்க்கத்தில் இது புதிய வருத்தமும் அல்ல. வலிப்பு வரும் ஒரு பெண்மணி நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்து துஆக் கேட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவருக்கு நபியவர்கள் சுவர்க்கத்தின் நன்மாராயத்தையே சொன்னார்கள். அவரை யாரும் ஒதுக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியதும் அதே நபிதான். ஆகவே ஓதிப் பார்ப்பதையும் துஆக் கேட்பதையும் யாரும் குறை சொல்லவில்லை. ஓதிய தண்ணீரைக் குடியுங்கள், குளிசையையும் போடுங்கள். "ஜின் பார்வை, மருந்தை நிறுத்தினால்தான் ஓதியது பலிக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் எழும்பி வந்துவிடுங்கள். நாட்டு மருந்தோ யூனானி மருந்தோ எடுப்பதாக இருந்தால் அதையும் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது பெண் பிள்ளைகளின் விடயம். கலியாணப் பேச்சு வந்தவுடன் கிளினிக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று புது வீட்டில் குளிசையை ஒளித்து எடுக்கிறாள், ஒளிக்க முடியாத நாளில் விட்டுவிடுகிறாள். இதன் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளைதான். அதோடு ஒரு முக்கியமான தகவல்: வலிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் சோடியம் வல்ப்ரோவேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால், பிறக்கும் 10 குழந்தைகளில் ஒன்றுக்கு உடல் குறைபாடும், 10க்கு 3 முதல் 4 குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் சார்ந்த பிரச்சினைகளும் ஏற்படக்கூடும். இதை வாசித்துவிட்டு இன்றிரவே குளிசையை நிறுத்திவிடாதீர்கள். கர்ப்ப காலத்தில் வரும் பெரிய வலிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. கலியாணம் முடிக்கும் முன்பே, கர்ப்பம் தரிக்கும் முன்பே டொக்டரிடம் பேசினால் மருந்தை மாற்றலாமா, போலிக் அமிலம் எவ்வளவு தேவை என்று அவர் தீர்மானிப்பார். சில வலிப்பு மருந்துகள் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையின் பலனைக் குறைக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கனவே கர்ப்பமாகிவிட்டால் ஒரு வேளையையும் நிறுத்தாமல் உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

இனி எல்லா மாதத்துக்கும் உரிய சில விடயங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், ஞாபகம் வந்தவுடன் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட்டு அடுத்ததை உரிய நேரத்தில் எடுங்கள். இரட்டிப்பாகப் போட வேண்டாம். இரண்டு மூன்று வேளை தவறியிருந்தால் டொக்டரிடம் கேளுங்கள்.

விழுங்கக் கஷ்டம் என்று எல்லாக் குளிசையையும் இடித்துக் கரைக்கக் கூடாது. மெதுவாகக் கரையும் குளிசைகளையும் மேற்பூச்சுள்ள சோடியம் வல்ப்ரோவேட் குளிசையையும் முழுதாகவே விழுங்க வேண்டும். சின்னப் பிள்ளை என்றால் பாணி மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள்.

குளிசையின் நிறமோ பெட்டியோ மாறியிருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு வர வேண்டாம். அதே மருந்துதானா, அதே மில்லிகிராம்தானா என்று மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேளுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துக்காகப் பாமஸி பாமஸியாக அலைந்தது நமக்கு மறக்காது. கடைசிக் குளிசை முடியும் வரை காத்திராமல் ஒரு கிழமைக்கு முன்பே அடுத்ததைத் தேடுங்கள். உம்றாவுக்கோ மத்திய கிழக்குக்கு வேலைக்கோ போகிறவர்கள் டொக்டரின் கடிதத்தோடு மருந்தைக் கைப் பையில் கொண்டுபோங்கள்.

காய்ச்சல், இருமல் என்று டிஸ்பென்சரிக்குப் போனால் முதலில் "வலிப்புக்குக் குளிசை எடுக்கிறேன்" என்று சொல்லுங்கள். எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக், காபமசபீன் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடும். டிரமடோல் போன்ற வலி மருந்து வலிப்பையே கிளப்பக்கூடும்.

பக்கவிளைவு உண்மைதான். வல்ப்ரோவேட்டால் உடம்பு வைக்கலாம், முடி கொட்டலாம். பெனிடோயினால் முரசு வீங்கலாம். முடி கொட்டுகிறது என்று யாருக்கும் சொல்லாமல் குளிசையை ஜன்னலால் எறிகிற பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. கூட்டிப்போய் டொக்டரிடம் சொல்ல வையுங்கள், வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் புது மருந்து தொடங்கிய முதல் கிழமைகளில் உடம்பில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெற்றோருக்கு ஆசிரியர்களாக ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு இந்த வருத்தம் இருந்தால் வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். சில குளிசைகள் தூக்கத்தைக் கொடுக்கும், சில பிள்ளைகளைச் சிடுசிடுப்பாக்கும். தெரியாவிட்டால் வகுப்பில் தூங்கும் பிள்ளைக்குச் சோம்பேறி என்ற பெயர்தான் கிடைக்கும். தெரிந்திருந்தால் பகல் குளிசையை ஞாபகப்படுத்தலாம், நீந்தப் போகும் இடத்தில் தனியே விடாமல் பார்க்கலாம். இந்த வருத்தமுள்ள பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே படித்து முன்னுக்கு வர முடியும். பரீட்சைக்கென்று விடிய விடிய விழிக்க மட்டும் வைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் திறப்பையோ இரும்பையோ கொடுக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். தலைக்குக் கீழே மெதுவான ஒன்றை வையுங்கள், முடிந்தவுடன் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் காசு இல்லை.

பள்ளி நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம். நீண்டநாள் நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் றமழானுக்கு முன் டொக்டரைச் சந்திக்கும்படி ஒரு ஜும்ஆவில் இரண்டு நிமிடம் அறிவித்தால் போதும், பல வீடுகளுக்குப் போய்ச் சேரும். கிளினிக்குக்கு ஓட்டோக் காசு இல்லாமல் திகதியைத் தவறவிடும் குடும்பங்களும் ஊரில் உண்டு. றமழானில் கொடுக்கும் ஸதகாவில் அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

இந்தக் கிழமையே கிளினிக் கொப்பியை எடுத்துத் திகதியைப் பாருங்கள். திகதி றமழானுக்குள் விழுந்தால் முன்கூட்டியே போய்க் கேளுங்கள். டொக்டர் பிடிக்கலாம் என்றால் மன நிம்மதியோடு பிடியுங்கள். வேண்டாம் என்றால் மன நிம்மதியோடு விடுங்கள். இரண்டு பேருக்கும் கூலி கொடுப்பவன் ஒருவனே.

யா அல்லாஹ், எங்கள் பிள்ளைகளுக்கும் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவாயாக, இந்த றமழானைச் சுகத்தோடு அடையச் செய்வாயாக. ஆமீன்.

உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுக்களிலும் பகிருங்கள். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு இது போய்ச் சேரட்டும்.