மிகுதியிலும் ஒரு குறை

டெங்குக் காய்ச்சல் கண்டவர்க்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்தால் நாம் அஞ்சுகிறோம். ஆதலின், அவை மிகுந்திருந்தால் நன்மைதானே என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இவ்வெண்ணம் சரியன்று.

நலமுள்ளவருடைய இரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். காயம்பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு இரத்தப்போக்கை அடைப்பது இவற்றின் பணி. தொற்றாலும் இரும்புச்சத்துக் குறைவாலும் இவை சில காலம் மிகுவதுண்டு, அது வேறு. எலும்பு மச்சையே கட்டுப்பாடின்றி இவற்றைப் பெருக்குவது ஒரு நோய். எசென்ஷியல் துரோம்போசைத்தீமியா என்பது அதன் பெயர். இந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் 'ஜாக்2' என்னும் மரபணு மாறியிருப்பது 2005ஆம் ஆண்டில் தெரியவந்தது. இம்மாற்றம் பொதுவாகப் பெற்றோர்வழி வருவதன்று, வாழ்நாளில் தோன்றுவது.

இந்நோயில் இடர் இருவகை. முதலாவது, வேண்டாத இடத்தில் இரத்தம் உறைந்து, பக்கவாதமோ மாரடைப்போ உண்டாதல். இரண்டாவது வியப்புக்குரியது: எண்ணிக்கை 10 இலட்சத்தைக் கடக்கும்போது, சிலருக்கு இரத்தம் எளிதில் உறையாது.

காரணம் யாது? தட்டணுக்களைக் காயத்தோடு ஒட்டுவிக்கும் புரதம் ஒன்று உண்டு. 1926இல் இரத்தப்போக்கு நோயுற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதிய பின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்டின் பெயரே பின்னர் அதற்கு வழங்கலாயிற்று. அளவிறந்து பெருகிய தட்டணுக்கள் அப்புரதத்தின் நீண்ட இழைகளைப் பற்றிக்கொள்ள, அவை துண்டுபட்டுக் குறைகின்றன. செங்கல் மலைபோல் குவிந்திருந்தும் சாந்து இல்லையேல் சுவர் எழும்புமோ?

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். உறைவைத் தடுக்க மருத்துவர் சிறிதளவு ஆஸ்பிரின் தருவதுண்டு. ஆனால் அப்புரதம் குறைந்தவர்க்கு அதே மாத்திரை இரத்தப்போக்கை மிகுவிக்கும். எனவே, ஒருவருக்கு உதவிய மாத்திரையை மற்றொருவர் தாமாகவே வாங்கி உண்ணுதல் ஆகாது.

தட்டணுக்களைக் குறைக்க ஹைட்ராக்ஸியூரியா என்னும் மருந்து உண்டு. உறைவு நேரும் அபாயம் மிகுந்த 114 நோயாளரிடம் இத்தாலியில் நடத்தி 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இம்மருந்தை உண்ணாதவருள் 100க்கு 24 பேர் என்னும் அளவில் உறைவு நேர்ந்தது. உண்டவருள் அது 100க்கு 4 பேருக்கும் குறைவு. தட்டணுக்கள் குறையுமிடத்து அப்புரதமும் மீள்கின்றது.

அடிக்கடி மூக்கிலோ ஈறுகளிலோ இரத்தம் கசிந்தாலும், உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிந்தாலும், தட்டணுக்கள் மிகுந்திருப்பதாகப் பரிசோதனை காட்டினாலும், இரத்தநோய் மருத்துவரை அணுகுக. தக்க சிகிச்சையோடு நெடுங்காலம் வாழ்வோர் பலர். அச்சமும் வேண்டா, அசட்டையும் வேண்டா.