போதைப் பழக்கத்துக்கு ஆளான வளரிளம் பருவத்தினருக்குத் தனிச் சிகிச்சைப் பிரிவு கோரும் நினைவூட்டு மனு

அனுப்புநர்: செயலாளர், பெற்றோர் சங்கம், திருவரங்கம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருச்சிராப்பள்ளி.

மதிப்பிற்குரிய ஐயா,

திருவரங்கம், சத்திரம் பேருந்து நிலையப் பகுதிப் பெற்றோர் சார்பில் இம்மனுவை அளிக்கிறோம்.

இதே பொருள் குறித்து முன்னரும் பல அலுவலகங்களுக்கு எழுதியுள்ளோம். முதல் மனுவில், போதை மீட்பு மையங்களில் சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே அறையில் படுக்க வைக்கக் கூடாது என்று கேட்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வந்தது. அடுத்த மனுவில் அதையே சட்டப் பிரிவோடு கேட்டோம். பள்ளி மாணவர்களைக் கொண்டு விழிப்புணர்வுப் பேரணி நடத்தப்பட்டதாகப் பதில் வந்தது. நாங்கள் கேட்டது படுக்கை, கிடைத்தது பதாகை. அதற்குப் பின் எழுதியவற்றுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டுமே கையில் உள்ளது.

கோரிக்கை 1: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 87(4)-ஐ நடைமுறைப்படுத்த வேண்டும். 18 வயது நிரம்பாதவரை உள்நோயாளியாகச் சேர்த்தால், அவரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து, வயதுக்கேற்ற சூழலில் வைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. மது, போதைப் பொருள் சார்ந்த பாதிப்புகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும். ஆகவே ‘இது மனநோய் அல்ல’ என்ற வாய்மொழி விளக்கத்தை ஏற்பதற்கில்லை. சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது.

எங்கள் பகுதிப் பையன் ஒருவன், பத்தாம் வகுப்பு. கூல் லிப் என்னும் மெல்லும் புகையிலையில் தொடங்கி, பள்ளிக்கு மட்டம், வீட்டில் திருட்டு, தெருவில் அடிதடி என்று போனவன். மையம் ஒன்றில் அவனுக்குக் கிடைத்த கட்டில், மாத்திரைக்கு அடிமையான நாற்பது வயதுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில். எந்த வலி மாத்திரையை எப்படிக் கரைப்பது என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டு வந்தான். பூ விற்கும் அவன் தாயை வாசலோடு அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் அல்லது உதவியாளர் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்கிறது பிரிவு 87(5).

நடத்தைச் சிக்கல் உள்ள பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டி வைத்தாலே கெடுதல் கூடலாம் என்று உளவியல் ஆய்வாளர் தாமஸ் டிஷியனும் அவர் கூட்டாளிகளும் 1999-லேயே எழுதினார்கள். சம வயதுப் பிள்ளைகளுக்கே அந்த நிலை என்றால், பெரியவர்களோடு வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

சமூக அளவிலான மாற்று வழிகள் பலனளிக்காதபோதோ பொருந்தாதபோதோதான் சிறாரைச் சேர்க்கலாம் என்கிறது பிரிவு 87(3). அந்த மாற்று வழி இங்கே எங்கே? ஸ்காட் ஹெங்கலர் அமெரிக்காவில் உருவாக்கிய மல்டிசிஸ்டமிக் தெரபியில் சிகிச்சையாளரே வீடு தேடிப் போகிறார். ஒருவர் பொறுப்பில் நாலைந்து குடும்பங்கள்தான். மூன்று முதல் ஐந்து மாதம் வரை தாய், தகப்பன், பள்ளி, நண்பர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே கவனிக்கிறார். அதை அப்படியே கேட்கவில்லை. வாரம் ஒரு நாள் வீட்டுக்கு வரும் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் போதும், தொடங்குவதற்கு.

கோரிக்கை 2: இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 18(2)-இன்படி இளைஞர் நீதிக் குழுமம் போதை மீட்புச் சிகிச்சைக்கு உத்தரவிட ஏதுவாக, சிறாருக்கு உகந்த மையங்களின் பட்டியலை வெளியிட வேண்டும்.

கோரிக்கை 3: பள்ளிகளிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கும் கடைகளைச் சோதனையிட வேண்டும்.

கோரிக்கை 4: சிறாருக்குப் போதைப் பொருள் கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை என்ற இளைஞர் நீதிச் சட்டப் பிரிவு 77-ஐக் கடைகளில் எழுதி வைக்க ஆணையிட வேண்டும்.

முதல் கோரிக்கைக்கு மட்டுமாவது, தனிப் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்தத் தேதிக்குள் அமையும் என்று எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பேரணி குறித்த அறிக்கை தேவையில்லை.

இப்படிக்கு,
செயலாளர்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள்.