கட்டிய பணம் கோர்ட்டுக்குத் தெரியுமா?

புதுக்கோட்டையில் இருந்து திருச்சி ரோட்டில் போனால், மொட்டை மொட்டையாகப் பாறை மலைகள் தெரியும். அதுதான் நார்த்தாமலை. பங்குனி மாதம் மாரியம்மன் தேர் பார்க்கப் போனவர்களுக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியும்.

அந்தக் காலத்தில் இது வியாபாரிகளின் ஊர். நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆகிவிட்டது என்பார்கள். கடம்பர் மலைக் கோவில் பக்கம் போனால், பாறையிலே வரி வரியாக எழுத்து இருக்கிறது. சோழர் காலத்து எழுத்து.

அந்தக் காலத்துத் தமிழர்கள் பண விஷயத்தில் ரொம்பக் கெட்டி! சோழர் காலத்து நில விற்பனைக் கல்வெட்டுகளில் இரண்டு ஓலைகளைப் பற்றிச் சொல்லுவார்கள். ஒன்று, விலையோலை. நிலத்தை விற்றேன் என்பதற்கு அது சாட்சி. இன்னொன்று, பொருட்செலவோலை. பணம் முழுவதும் வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. இந்த எழுத்தே இரண்டுக்கும் சேர்த்துப் போதும், வேறு ஓலை காட்ட வேண்டியது இல்லை என்று கல்லில் வெட்டிவிடுவார்கள்.

விற்றதற்கு ஒரு அத்தாட்சி, பணம் வந்ததற்குத் தனியாக ஒரு அத்தாட்சி! ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இந்த ஏற்பாடு இருந்தது.

இன்று கோர்ட்டில் அந்த இரண்டாவது ஓலைக்குத்தான் தகராறு.

மேஸ்திரி கதை

ஒரு கதை சொல்லுகிறேன். கற்பனைதான். ஆனால், எந்த ஊர் வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும், "இதுபோல ஒன்றா, இரண்டா!" என்பார்.

நார்த்தாமலைப் பக்கம் ஒரு கல் மேஸ்திரி. மகள் கல்யாணத்துக்காகப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கினார். திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கடன் கொடுத்தவர் கோர்ட்டில் தாவா போட்டார். அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய்க்கு டிக்ரி ஆகிவிட்டது.

மேஸ்திரி யோக்கியர். கையில் பணம் வந்தபோதெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு தடவை 10 ஆயிரம். இன்னொரு தடவை 15 ஆயிரம். கொஞ்சம் கையிலே, கொஞ்சம் டெலிபோன் மூலம். மூன்று வருஷத்தில் 1 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்துவிட்டார். ரசீது? "நமக்குள்ளே ரசீது என்ன அண்ணே!" என்று கடன் கொடுத்தவர் சிரித்தார். மேஸ்திரியும் சிரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருநாள் இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். கடன் கொடுத்தவர் நிறைவேற்று மனு போட்டார். வக்கீல்கள் இதைச் சுருக்கமாக "ஈ.பி." என்பார்கள். எவ்வளவுக்கு? முழு 2 லட்சத்துக்கும், அதற்கு மேல் வட்டிக்கும்!

கோர்ட்டு அமீனா ஜப்தி உத்தரவோடு வந்து வாசலில் நின்றார். "நான் கொடுத்துவிட்டேனே!" என்று மேஸ்திரி கத்தினார். அமீனா என்ன செய்வார்? அவர் கையில் இருக்கிற காகிதத்தில் 2 லட்சம் என்றுதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மேஸ்திரிக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது.

1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தில், 21-வது கட்டளை, 2-வது விதி என்று ஒன்று உண்டு. டிக்ரி பணத்தைக் கோர்ட்டுக்கு வெளியே கொடுத்தால், அதைக் கோர்ட்டில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பதிவு ஆகாத பணத்தை, டிக்ரியை நிறைவேற்றுகிற கோர்ட்டு கண்ணெடுத்தும் பார்க்கக் கூடாது!

வாங்கியவர் பதிவு செய்யாவிட்டால், கொடுத்தவர் மனு போடலாம். ஆனால், கொடுத்த நாளில் இருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். வாங்கியவர் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் மணியார்டர், பாங்கி, எழுத்து என்று ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். வாய்ச்சொல் செல்லாது.

30 நாள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கல்லூரியில் படித்த எனக்கே, இந்தக் கட்டுரைக்காக ஒரு வக்கீலிடம் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தச் சட்டம் கொடூரமானது என்று நான் சொல்லவில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. "கொடுத்துவிட்டேன், கொடுத்துவிட்டேன்" என்று பொய் சொல்லியே காலம் கடத்துகிறவர்களும் உண்டு அல்லவா? அதனால்தான் எழுத்தில் கேட்கிறார்கள்.

இந்தச் சட்டத்திலேயே ஒரு அருமையான விதி இருக்கிறது. டிக்ரி பணத்தை மணியார்டரிலோ பாங்கி மூலமோ அனுப்பினால், அதிலே வழக்கு நம்பர், வாதி பிரதிவாதி பெயர், பணம் அசலுக்கா, வட்டிக்கா, செலவுக்கா என்ற விவரம் எல்லாம் எழுத வேண்டும். ஒரு மணியார்டர் கூப்பனுக்குள் முழுக் கணக்கும் அடங்கிவிடும்.

இன்று? கோவில் வாசல் தேங்காய்க் கடையிலும் சதுரக் கட்டம் ஒட்டிவைத்திருக்கிறார்கள். டெலிபோனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. "டிங்" என்று சத்தம் வருகிறது. ஆனால், அது எந்த வழக்கில் கட்டிய பணம் என்று யாருக்குத் தெரியும்? கைமாற்றா, பால் பாக்கியா, டிக்ரி பணமா?

பழைய மணியார்டருக்கு இருந்த புத்தி புதிய டெலிபோனுக்கு இல்லை!

குமாஸ்தா என்ன செய்வார்?

ஒரு கோர்ட்டு ஆபீசில் சிறிது நேரம் நின்று பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். மேஜை நிறையக் கட்டுகள். ஒரு வயதான அம்மாள் குமாஸ்தாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவர் மேஸ்திரிக்கு எதிர்க் கட்சி. அதாவது, கடன் கொடுத்து ஏமாந்தவர். புருஷன் ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை உறவுக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார். டிக்ரி வாங்கி வருஷங்கள் ஆகின்றன. ஒரு பைசா வரவில்லை.

"அவருக்கு என்ன சொத்து இருக்கிறது? லிஸ்டு கொடுங்கள் அம்மா" என்றார் குமாஸ்தா.

"எனக்கு எப்படி அய்யா தெரியும்? அவன் காரில் போகிறான். எந்தப் பாங்கியில் பணம் போடுகிறான் என்று என்னிடம் சொல்லுவானா?"

குமாஸ்தா கையை விரித்தார். அவர் மேல் குற்றம் இல்லை. ஜப்தி செய்ய வேண்டிய சொத்தைக் காட்ட வேண்டியது டிக்ரி வாங்கியவர் பொறுப்பு. கடன்காரரைக் கூப்பிட்டு, "உன் சொத்து என்ன?" என்று கேட்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. 30 நாள் ஆகியும் பணம் கட்டாவிட்டால், சொத்து விவரத்தைச் சத்தியப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லலாம். கீழ்ப்படியாவிட்டால் 3 மாதம் வரை சிவில் ஜெயில்! ஆனால், அவர் எழுதிக் கொடுப்பது உண்மையா, பொய்யா என்று சரிபார்க்கக் குமாஸ்தாவிடம் வழி இல்லை. வருமான வரி ஆபீசில் கணக்கு இருக்கிறது. பாங்கியில் கணக்கு இருக்கிறது. கோர்ட்டில் மட்டும் இல்லை!

8 லட்சம் மனுக்கள்

இது இன்று முளைத்த வியாதி அல்ல. இந்தியாவில் வழக்காடுகிறவனுக்குத் தொல்லை ஆரம்பிப்பது டிக்ரி வாங்கிய பிறகுதான் என்று 1872-லேயே லண்டன் பிரிவி கவுன்சில் நீதிபதிகள் வருத்தப்பட்டு எழுதினார்கள். அது தர்பங்கா ஜமீன் சம்பந்தப்பட்ட வழக்கு. அதற்குப் பிறகு 150 வருஷம் ஓடிவிட்டது.

2021-ல் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்றது. முடிந்ததா? 2025 மார்ச்சு 6-ந் தேதி, 1980-ல் போட்ட ஒரு நில ஒப்பந்தத்தில் இருந்து கிளம்பிய தமிழ்நாட்டு வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பானது. 45 வருஷம்! மனம் நொந்த நீதிபதிகள், நாடு முழுவதும் எத்தனை நிறைவேற்று மனுக்கள் தூங்குகின்றன என்று கணக்கு கேட்டார்கள்.

அக்டோபரில் கணக்கு வந்தது. 8 லட்சத்து 82 ஆயிரத்துக்கு மேல்! தமிழ்நாட்டில் மட்டும் 86 ஆயிரத்துக்கு மேல். இதில் நிலம், வீடு சம்பந்தப்பட்டவையும் உண்டு. எல்லாம் பணக் கடன் அல்ல. இருந்தாலும், ஜெயித்தும் பலன் கிடைக்காத குடும்பங்கள் இத்தனை!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேடிக்கை என்று சொல்லக் கூடாது, வேதனை. பணம் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்தும், உரியவர் கைக்குப் போகாமல் கிடப்பது உண்டு. வாகன விபத்து நஷ்டஈடு, தொழிலாளர் நஷ்டஈடு எல்லாம் இப்படி முடங்கிக் கிடந்தன. காரணம், வாங்க வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, மனு போடும்போதே பாங்கிக் கணக்கு விவரத்தை வாங்கிவைத்து, பணத்தை நேராக அதிலே போட ஏற்பாடு செய்யும்படி உத்தரவிட்டது. பணம் போக வழி செய்தாகிவிட்டது. வருவதற்கும் அதுபோல ஒரு வழி வேண்டாமா?

ஜெர்மனியில் எப்படி?

ஜெர்மனியில் 2013-ம் வருஷத்தில் ஒரு மாறுதல் செய்தார்கள். அங்கே கோர்ட்டு அமீனா மாதிரி ஓர் அதிகாரி உண்டு. கடன்காரர் சொத்து விவரம் கொடுக்காவிட்டாலோ, கொடுத்த விவரத்தின்படி கடன் அடையாது என்றாலோ, அவர் மூன்று இடங்களில் விசாரிக்கலாம். ஓய்வூதிய இன்சூரன்சு ஆபீசில், கடன்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்கலாம். வரி ஆபீசில், எந்தப் பாங்கியில் கணக்கு இருக்கிறது என்று கேட்கலாம். வாகனப் பதிவு ஆபீசில், கார் இருக்கிறதா என்று கேட்கலாம்.

கவனியுங்கள். எந்தப் பாங்கியில் கணக்கு என்றுதான் தெரியும். அதில் எவ்வளவு பணம், யாருக்கு அனுப்பினார், எந்தக் கடையில் புடவை வாங்கினார் என்பதெல்லாம் தெரியாது. விசாரித்த விஷயத்தைக் கடன்காரருக்கும் 4 வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

இது நல்ல ஏற்பாடு. நம் நாட்டிலும் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம். ஆனால், டிக்ரி ஆன பிறகுதான் கேட்க வேண்டும். நீதிபதி உத்தரவு போட வேண்டும். குமாஸ்தா தன் இஷ்டத்துக்கு, பக்கத்து வீட்டுக்காரன் கணக்கைப் பார்க்கக் கூடாது! யார், எந்த வழக்குக்காக, என்றைக்குப் பார்த்தார் என்பது கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்.

அடுப்பும் தாலியும்

ஒரு பயம் உண்டு. பாங்கிக் கணக்கு கோர்ட்டுக்குத் தெரிந்துவிட்டால், ஏழையின் கூலியும் போய்விடுமே!

சட்டம் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கிறது. 60-வது பிரிவைப் பாருங்கள். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி, தொழிலாளியின் கருவி, விவசாயியின் ஏர், மாடு, விதை நெல் ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது. கூலியாளின் கூலியைத் தொடக் கூடாது. மேஸ்திரியின் உளியும் சுத்தியலும் அவருக்கே!

மாதச் சம்பளக்காரர் என்றால், முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும். 25 ஆயிரம் சம்பளம் என்றால், 17 ஆயிரம் அவருக்கு. 8 ஆயிரம்தான் பிடிக்கலாம். பெண்களைப் பணக் கடனுக்காகக் கைது செய்யவே கூடாது.

ஆனால், இந்த வேலி வீட்டு வாசலுக்குப் போட்ட வேலி. அமீனா பார்த்தால் தாலி எது, சங்கிலி எது என்று தெரியும். பாங்கிக்கு எப்படித் தெரியும்? கூலியும், மாடு விற்ற பணமும், மகன் அனுப்பியதும் ஒரே கணக்கில் கலந்து கிடக்கின்றன. "கணக்கை நிறுத்து" என்று உத்தரவு வந்தால் மொத்தமாக நிறுத்திவிடுவார்கள். அப்புறம் கூலிக்காரர் வக்கீல் வைத்து, "இது என் கூலிப் பணம்" என்று நிரூபிக்க வேண்டும். அதனால், கூலியும் பென்ஷனும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்து, அதை விட்டு மீதியை நிறுத்தும்படி கோர்ட்டு உத்தரவிலேயே எழுத வேண்டும். இதைச் செய்யாமல் குமாஸ்தாவுக்குப் பாங்கிக் கதவைத் திறந்துவிடுவது ஆபத்து.

முதலில் செய்ய வேண்டியது

இதற்கெல்லாம் சட்டம் திருத்த வேண்டும். நாள் ஆகும். ஆனால், ஒரு காரியத்தை அதற்கு முன்பே செய்யலாம்.

ஒவ்வொரு டிக்ரிக்கும் ஒரு பணம் கட்டும் நம்பர் கொடுக்கட்டும். மின்சாரக் கட்டணத்துக்கு இணைப்பு நம்பர் இல்லையா, அதுபோல. கடன்காரர் டெலிபோனில் கட்டினாலும், பாங்கியில் கட்டினாலும், அந்த நம்பரில் போய் விழ வேண்டும். உடனே கோர்ட்டுக் கம்ப்யூட்டரில் வழக்குக்கு நேராகப் பதிவாகட்டும். இரண்டு கட்சிக்கும் செய்தி போகட்டும். வழக்கின் வாய்தா தேதியை இன்று யார் வேண்டுமானாலும் டெலிபோனில் பார்க்கிறோம். பாக்கி எவ்வளவு என்பதைச் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் குமாஸ்தாவும் பார்ப்பதில் என்ன கஷ்டம்?

ஏலத்தைத் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இன்னும் எழுதிவைத்திருக்கிறார்கள். தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று 2022-ல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். தமுக்கை விட்டோம். வாய்க்கணக்கை இன்னும் விடவில்லை.

அந்த நம்பர் வருகிற வரைக்கும் மேஸ்திரி மாதிரி இருப்பவர்கள் என்ன செய்யலாம்? டிக்ரி பணத்தைக் கோர்ட்டிலேயே கட்டலாம். கட்டியதை எதிர்க் கட்சிக்கு நோட்டீசு மூலம் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அந்தப் பணத்துக்கு வட்டி ஓடாது. வெளியே கொடுத்தால், கையில் கொடுக்க வேண்டாம். பாங்கி மூலம் அனுப்பி, அதிலே வழக்கு நம்பரையும் வருஷத்தையும் குறிப்பிடுங்கள். பிறகு 30 நாளுக்குள் கோர்ட்டில் ஒரு மனு போட்டு, பாங்கிச் சீட்டை அதோடு இணைத்து, பதிவு ஆகிவிட்டதா என்று குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.