யாருக்குக் கட்டுபடியாகும் வீடு?

மராத்தியில் 'பரவட்ணே' என்றொரு வினைச்சொல் உண்டு. தமிழின் 'கட்டுபடியாதல்' அதற்கு மிக நெருங்கிய இணை. இரண்டும் நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்பவை. 'மலா பரவடத் நாஹீ' என்பார் புனேக்காரர். 'எனக்குக் கட்டுபடியாகாது' என்பார் தமிழர். யாருக்கு என்பது விளங்காதவரை அந்த வினை பொருள் முடிவு பெறுவதில்லை. ஆனால் அரசின் அறிவிப்புகளிலும் கட்டுமான நிறுவனங்களின் விளம்பரப் பலகைகளிலும் அச்சொல் 'பரவட்ணாரீ கரே' என்று பெயரெச்சமாக வருகிறது. வந்த கணமே 'யாருக்கு' காணாமற்போகிறது. கட்டுபடியாதல், சுவரின் நிறத்தைப் போல, வீட்டின் குணமாகிவிடுகிறது. 'மலிவு விலை வீடு' என்ற தமிழ் வழக்கும் இதைவிட நேர்மையானதன்று.

இது வெறும் இலக்கணச் சண்டை அன்று. 2019 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி விதியின்படி, 45 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீடு 'கட்டுபடியாகும் வீடு'. அதற்கு வரி 1 விழுக்காடு மட்டுமே. பரப்பளவு பெருநகரங்களில் 60 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். பிற ஊர்களில் 90 வரை இருக்கலாம். அந்தப் பெருநகரப் பட்டியலில் சென்னையும் ஐதராபாத்தும் உண்டு, புனே இல்லை. ஆகவே புனேயில் ஏறத்தாழ 968 சதுர அடி வீடும் ஏழைக்கான சலுகையின் நிழலில் வந்து நிற்கலாம். மறுபுறம், பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வகுத்த கணக்கில் பொருளாதாரத்தில் நலிந்த குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 3 லட்சம். இவ்விரு வரையறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். உண்ணாமல், உடுக்காமல், நோயுறாமல், வட்டியும் இல்லாமல் அந்தக் குடும்பம் 15 ஆண்டுகள் சேர்த்தால் 'கட்டுபடியாகும்' வீடு கிட்டும். 36 லட்சத்தை 8.5 விழுக்காட்டு வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை 31,000 ரூபாயைத் தாண்டும்; அக்குடும்பத்தின் மாத வருமானமோ 25,000. இரண்டு வரையறைகளும் ஒரே அரசினுடையவை.

வீட்டுப் பற்றாக்குறைக்குக் காரணம் போதிய வீடுகள் கட்டப்படாமையே என்று ஓயாது சொல்லப்படுகிறது. 2012இல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புறப் பற்றாக்குறையை 1.88 கோடி வீடுகள் என மதிப்பிட்டது. அதில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாயினருக்கும் உரியது. அதற்கு முந்தைய ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ நகரங்களில் 1.1 கோடிக்கு மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடப்பதாகக் காட்டியது. வீடில்லாதவருக்காக வீடுகள் கட்டப்படவில்லை என்பதே இதன் பொருள். இன்னும் மாடிகளை உயர்த்த அனுமதித்தால் எல்லாம் சரியாகும் என்போர் இந்த இரண்டு எண்களையும் ஒருசேர விளக்க வேண்டும்.

புனேக்கும் பிம்ப்ரி-சிஞ்ச்வடுக்கும் 2005இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் அமைக்கப்பட்டது. குடிசைவாசிக்கு இலவச வீடு. கட்டும் நிறுவனத்துக்கு விற்றுக்கொள்ளக் கூடுதல் கட்டுமான உரிமை. ஏட்டில் அழகான ஏற்பாடு. ஆனால் லாபம் நிலத்தின் விலையில் இருப்பதால், எந்தக் குடியிருப்பு முதலில் மாற வேண்டும் என்பதை மழைநீர் புகும் வீடு முடிவு செய்வதில்லை. அந்த இடத்தின் சந்தை மதிப்பே முடிவு செய்கிறது. இங்கும் ஒரு சொல் கவனத்துக்குரியது. கணக்கெடுப்பின் முடிவில் குடும்பங்கள் 'பாத்ர', 'அபாத்ர' எனப் பிரிக்கப்படுகின்றன. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்ற பழமொழியில் தமிழர் அறிந்த அதே பாத்திரந்தான். குறித்த தேதிக்கு முன் குடியேறியதற்கான தாள் இருந்தால் தகுதி; மறுநாள் வந்தவருக்குத் தெரு. வாடகைக்கு இருப்பவர் பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை. உரிமை என்று தொடங்கிய பேச்சு பிச்சையின் சொல்லில் வந்து முடிகிறது.

2021 ஜூன் 24 அன்று, பெருந்தொற்றும் மழையும் ஒருசேர இருந்த வேளையில், தாண்டேகர் பாலத்தை அடுத்த ஆம்பில் ஓடைக் கரையில் வீடுகள் இடிக்கப்பட்டன. 2019 செப்டம்பர் வெள்ளத்தில் உயிர்களைப் பறித்த ஓடை அது; அதன் போக்கைச் சீராக்கவே இந்நடவடிக்கை என்றது மாநகராட்சி. கட்டுமான நிறுவனத்துக்காகவே இடிக்கிறார்கள் என்றனர் குடியிருந்தோர். அன்றே நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் பலருடைய அடுப்பும் அரிசியும் இடிபாடுகளுக்கு அடியில் போயிருந்தன.

வேறு வழி இல்லையா என்று கேட்போர் எரவடாவுக்குப் போய்ப் பார்க்கலாம். ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின்கீழ் நேதாஜி நகர், மதர் தெரசா நகர் போன்ற குடியிருப்புகள் இருந்த இடத்திலேயே மேம்படுத்தப்பட்டன. உறுதியான வீடுகள் அப்படியே விடப்பட்டன. தகர வீடுகள் மட்டும் அதே மனையில் கான்கிரீட் வீடுகளாக எழுந்தன. ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 270 சதுர அடி, செலவு சுமார் 3 லட்சம். குடும்பத்தின் பங்கு அதில் பத்தில் ஒன்று. மகிளா மிலன் என்ற பெண்களின் சேமிப்புக் குழுக்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தன. துணியால் முழு அளவு வீட்டு மாதிரி கட்டி, அடுப்பு எங்கே, கழிப்பறை எங்கே என்று பெண்கள் உள்ளே நின்று பேசினார்கள். கட்டடக் கலைஞர் பிரசன்ன தேசாய் அந்தப் பேச்சுகளைக் கொண்டு வரைபடங்களைத் திருத்தினார். சந்துகள் இருந்தன, அண்டை வீட்டார் இருந்தனர், வேலைக்கு நடந்து செல்லும் தூரம் மாறவில்லை. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட சென்னைவாசிகளைக் கேட்டால், அந்தத் தூரத்தின் விலை என்னவென்று சொல்வார்கள். எரவடாவிலும் தாமதம் இருந்தது. ஒவ்வொரு மனைக்கும் தனி வரைபடம் என்பது பொறியாளருக்குத் தலைவலிதான். ஆனாலும் யாரும் பேருந்தில் ஏற்றி ஊரின் ஓரத்தில் இறக்கிவிடப்படவில்லை. இந்த வழி ஏன் நகரெங்கும் பரவவில்லை? விற்பதற்கு மிச்சமாக ஒரு சதுர அடியும் அதில் கிடைக்காது என்பதைத் தவிர வேறு காரணம் தேடத் தேவையில்லை.

பணமில்லை, நிலமில்லை என்பது வழக்கமான விடை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து ஊரின் பழைய பேட்டைகள் மூழ்கியபோது அரசிடம் இன்றைய வருவாயில் சிறு பகுதிகூட இல்லை. கோகலே நகரும் லோகமான்ய நகரும் அப்போதுதான் எழுந்தன. நிலத்துக்கும் வழி இருக்கிறது. 4,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களில் 20 விழுக்காடு சிறு வீடுகளுக்கு என்பது 2013 முதல் மகாராஷ்டிரத்தில் விதி. மனையை 3,900 சதுர மீட்டராக நறுக்கிக்கொண்டால் விதி தீண்டாது. அந்தக் கதவை அடைக்கப் புதிய சட்டம்கூட வேண்டாம். ஒரே உரிமையாளரின் அடுத்தடுத்த மனைகளை ஒன்றாகக் கணக்கிடும் ஒரு திருத்தம் போதும். எந்தத் திட்டம் எத்தனை வீடுகளை ஒப்படைத்தது என்ற பட்டியலையும் ஆண்டுதோறும் வெளியிடலாம்.

2023 ஆகஸ்ட் 1 அன்று புனே மாநகராட்சி கட்டிய 2,650க்கும் மேற்பட்ட வீடுகளின் சாவிகள் விழா எடுத்து வழங்கப்பட்டன. பெற்றவர்களுக்கு அது வாழ்வின் பெரிய நாள். அதைக் குறைத்துச் சொல்வது அறமன்று. ஆயினும் குலுக்கலில் பெயர் விழுந்த பின்னும் வங்கிக் கடன் வேண்டும். வங்கிக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குபவரிடம் அது இருக்காது. அவருக்குத் தேவை வாங்கும் வீடன்று. வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாத வாடகையில், வேலைக்கு அருகில், மாநகராட்சியே உரிமையாளராக இருக்கும் வீடு. வியன்னா இதை நூறாண்டுகளாகச் செய்துவருகிறது. புனேயின் அடுத்த அறிவிப்பில் 'பரவட்ணாரீ' என்ற சொல்லுக்கு முன்னால் மாதம் எத்தனை ரூபாய் ஈட்டுபவருக்கு என்று ஓர் எண்ணைச் சேர்த்து எழுதட்டும்.